அம்மாவுக்குத் துக்கம் இல்லை

அத்தியாயம் 8

காலை எட்டேகாலுக்கு வந்த மின்னஞ்சலில் பதினொரு பக்கம் இருந்தது. பதினொன்றும் என் அம்மாவைப் பற்றி. அவள் போட்டிருந்த ஸ்வெட்டரின் நிறம், நாற்காலியில் எப்படி உட்கார்ந்தாள், ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் யோசித்தாள், எல்லாம். ஏழாம் பக்கத்தில் அந்த வரி.

"தனக்குத் துக்கம் இல்லை என்று திருமதி தொமாசா இக்ஸ்கோய் மூன்று முறை தெளிவாகக் கூறினார்."

நான் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் இருந்தேன். எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வலியை மறந்துபோனார்.

"என்னம்மா, யாராவது போயிட்டாங்களா?"

போகவில்லை. போகப்போகிறார். அதைத் தடுக்கத்தான் இந்தப் பதினொரு பக்கம்.

இடையில் ஒரு வாரம் விட்டவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா அன்செல்மோவை மீன் ஆலையின் வண்டி நிறுத்தத்தில் வைத்துக் குடியேற்றப் போலீஸ் பிடித்துப்போய் ஏழு வாரம் ஆகிறது. அமெரிக்காவில், இந்த நியூ பெட்ஃபோர்டில் இருபத்துமூன்று வருஷம் மீன் வெட்டியவர். இங்கே தங்குவதற்கான பேப்பர் கிடையாது. அம்மாவுக்கு இருக்கிறது, அவள் அப்பா வழியில் சின்ன வயதிலேயே கிடைத்தது. நான் இங்கேயே பிறந்தவள். இன்னும் பன்னிரண்டு நாளில் ஒரு நீதிபதி அப்பாவைக் குவாத்தமாலாவுக்கு அனுப்புவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்லிவிடுவார்.

நீதிபதி முக்கியமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்த ஆள் போய்விட்டால் இங்கே யார், எந்த அளவுக்கு உடைந்துபோவார்கள்? சும்மா உடைந்தால் போதாது. ஊரில் எல்லார் வீட்டிலும் உடைவதைவிடக் கூடுதலாக உடைய வேண்டும். அதை ஒரு மனநல நிபுணர் உட்கார்ந்து கேட்டு, அளந்து, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தந்துவிட்டார். துக்கத்துக்கான கேள்வித்தாளில் அம்மாவுக்கு இருபத்தேழுக்கு மூன்று.

நான் பள்ளியிலும் சரி, கல்லூரியிலும் சரி, மூன்று வாங்கியதே இல்லை.

வக்கீல் மிஸ் டெவ்லினைக் கூப்பிட்டேன். அவரும் படித்திருந்தார்.

"இதை என்னால தாக்கல் பண்ண முடியாது, நொயெமி. பண்ணினா அரசாங்க வக்கீலுக்கு வேலையே இல்ல. ஏழாம் பக்கத்தைப் படிச்சுட்டு உக்காந்துருவாரு."

"பண்ணலேன்னா?"

"மனைவியைப் பத்தி ஒண்ணுமே இல்லாத ஃபைலு. அதுக்கும் அதே கதிதான். நாளைக்கு மதியம் பன்னண்டு வரைக்கும் நேரம் இருக்கு."

"என்னைப் பத்தி எழுதச் சொல்லுங்களேன். நான் தூங்கி ஏழு வாரமாச்சு. பதிமூணு பவுண்டு இறங்கிட்டேன். பஸ்ஸுல அழறேன், குளிக்கறப்போ அழறேன். எனக்கு இருபத்தேழுக்கு இருபத்தேழே போடலாம்."

அவர் கொஞ்சம் தாமதித்தார். நல்லவர்தான். நல்லவர்கள் தாமதித்தால் அது கெட்ட சேதிதான்.

"உனக்கு இருபத்தொண்ணு முடிஞ்சிருச்சேம்மா. சட்டத்துல நீ இப்போ பிள்ளை இல்ல. உன் கஷ்டம் கணக்குல வராது."

இருபத்தொன்று முடிந்து பதினொரு மாதம். அன்றைக்கு அப்பா வேலை முடிந்து மீன் வாடையோடு நேராகப் பேக்கரிக்குப் போய் ஒரு கேக் வாங்கி வந்தார். என் துக்கம் செல்லாமல்போன நாளை நாங்கள் மெழுகுவத்தி ஏற்றிக் கொண்டாடியிருக்கிறோம்.

ஏழாம் பக்கத்தை மறுபடி படித்தேன். கீழே பொடி எழுத்தில், அம்மா சொன்னதை ஸ்பானிஷிலேயே போட்டிருந்தார்கள். நோ தெங்கோ பெனா.

பிடிபட்டுவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். காப்பி கொடுத்தால் "நோ தெங்கா பெனா." நாற்காலியை இழுத்துப் போட்டால் அதற்கும் அதுதான். காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் அதுதான். சிரமப்படாதீர்கள், கவலைப்படாதீர்கள், பரவாயில்லை, எல்லாம் அந்த மூன்று சொல்லுக்குள் அடக்கம். குவாத்தமாலாக்காரர் வாயில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது வரும்.

ஆனால் தெங்கா வேறு, தெங்கோ வேறு. தெங்கா என்றால் நீங்கள் பட வேண்டாம். தெங்கோ என்றால் நான். "எனக்கு பெனா இல்லை." அந்த பெனாவிலும் சிக்கல். எங்களுக்கு அது கவலை, கூச்சம், வெட்கம். இந்த அறிக்கையை எழுதிய டாக்டர் ஃபுர்த்தாதோவோ போர்ச்சுகீசு வம்சம். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், எங்களுக்கு முன்னால் இதே மீனை வெட்டியவர்கள். ஸ்பானிஷ் அவருக்குப் படித்து வந்தது. போர்ச்சுகீசில் பெனா என்றால் துக்கம்.

ஆக, அம்மா மரியாதைக்கு "சிரமப்படாதீங்க டாக்டர்" என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் அதைத் துக்கம் இல்லை என்று எழுதி, ஒரே எழுத்தில் என் அப்பாவை விமானம் ஏற்றப் பார்க்கிறார்.

ஃபுர்த்தாதோவின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நான் பேசிய தொனியில் மூன்று மணிக்கே நேரம் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில். நான் போனபோது நீராவிக்கு நடுவே அவளும் கூட வேலை செய்யும் தெல்ஃபினாவும் ஒரு போர்வையின் நாலு மூலையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

"உங்கம்மா இப்பல்லாம் பாட்டுப் பாடிட்டேதான் மடிக்கறா" என்றாள் தெல்ஃபினா. "சபைப் பாட்டு அத்தனையும் எங்களுக்கு மனப்பாடம் ஆயிருச்சு. நிறுத்தச் சொல்லு, காது வலிக்குது."

"உனக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் காது வலிக்கும்" என்றாள் அம்மா.

பாவம், எவ்வளவு தைரியமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் வேனில்தான் போனோம். அவருடைய ரப்பர் பூட்ஸ் இன்னும் பின்னால் கிடந்தது. நான் ஹீட்டரைப் போட்டதும் வேன் முழுவதும் அவர் வாசனை வந்தது. அம்மா வழக்கம்போலப் பின் சீட்டில் ஏறி ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கினாள்.

"குளிருது, ஏத்து."

"கொஞ்சம் காத்து வரட்டும்."

"அந்த டாக்டரம்மாவுக்கு ஸ்பானிஷ் அரைகுறை. நீ தெங்காங்கறே, அவங்க தெங்கோன்னு எழுதி வெச்சிருக்காங்க."

"அவங்க நல்ல மாதிரி. போன தடவை அவங்க ஊர் இனிப்பு ரொட்டி குடுத்தாங்க."

"ரொட்டி குடுத்தவங்கதான் அப்பாவை அனுப்பப் பாக்கறாங்க."

"வேலை நேரத்துல கெளம்பி வந்துட்டியே, உன் பல் டாக்டர் ஒண்ணும் சொல்லலியா?"

"பேச்சை மாத்தாதேம்மா. இன்னிக்கு நீ அழணும். அவங்க முன்னாடி, அவங்க பாக்கற மாதிரி."

"அழுன்னா வந்துருமா? நான் என்ன குழாயா?"

"எனக்கு வருதே."

"உனக்கு வரும்" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் வெளியே உப்புப் போட்ட அழுக்குப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் எப்படின்னு கேட்டதுக்கு நல்லா வருதுன்னு சொல்லியிருக்கே. ஏன்?"

"நல்லாத்தானே வருது."

"அம்மா."

"சரி, சரி. ரோட்டைப் பாத்து ஓட்டு."

ஃபுர்த்தாதோவின் அறை ஒரு காப்பீட்டு ஆபீசுக்கு மேலே, மாடியில். உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்க, கதவுக்கு வெளியே தரையில் ஒரு சின்ன வட்ட இயந்திரம் எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். நான் அதைத் தாண்டி, கதவைத் தட்டியும் தட்டாமலும் உள்ளே போனேன். அம்மா என் பின்னால் வந்து, சுவரோரம் உட்கார்ந்தாள்.

டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார்.

"உக்காரு, நொயெமி."

"நின்னுக்கறேன். டாக்டர், ஒரே ஒரு எழுத்து. நீங்க கேட்டது தப்பு, எழுதினது தப்பு. எங்க ஊர்ல அது ஒரு மரியாதைப் பேச்சு. வணக்கம் மாதிரி. அதைப் போய் மருத்துவ அறிக்கைல போட்டுட்டீங்க. நீங்க போர்ச்சுகீசை எங்க ஸ்பானிஷ் மேல ஒட்டவெச்சுப் பாத்துட்டீங்க. எங்கப்பா வாழ்க்கை போகப்போகுது."

முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு இழுப்பறையிலிருந்து மஞ்சள் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை.

"பதினாறு வருஷமா உங்க ஊர்க்காரங்களோட பேசறேன். தெங்கா எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நூறு கேக்கறேன். முதல் தடவை அம்மா சொன்னப்போ நானும் நீ நினைச்ச மாதிரிதான் நினைச்சேன். அதனால திருப்பிக் கேட்டேன். வேற மாதிரி இன்னொரு தடவை கேட்டேன். மூணு தடவை சொன்னாங்கன்னு நான் எழுதினா, மூணு தடவை நான் கேட்டேன்னு அர்த்தம்."

"அப்போ என்னதான் சொல்றீங்க?"

"அதுக்கு மேல நான் சொல்லக்கூடாது. சொல்ல வேண்டியவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க."

நான் திரும்பினேன். அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தெங்கோன்னுதான் சொன்னேன்" என்றாள்.

"அம்மா, உனக்குப் புரியல, அவங்க கேட்டது..."

"புரிஞ்சுதான் சொன்னேன். எனக்குத் துக்கம் இல்ல, நொயெமி."

டாக்டர் எழுந்தார். "பத்து நிமிஷம் கீழ இருக்கேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. ஒரு பட்டியல்தான் வந்தது. படித்த பெண் இல்லையா, எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"அடிச்சாரா?"

"சீ, இல்ல."

"வேற பொம்பளையா?"

"அந்த மாதிரி ஆளா அவரு?"

"குடியா? எனக்குத் தெரியாம?"

"ஒரு துளி தொடமாட்டாரு, உனக்கே தெரியும். நல்ல மனுஷன்."

"அப்புறம் என்னதான் பண்ணினாரு?"

"அவரு என்கிட்டப் பேசமாட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். அதை இன்றுவரை நினைக்கிறேன். சிரித்தேன்.

அப்பாவா பேசமாட்டார்? நாலு வருஷம், ராத்திரி வேலை முடித்துவிட்டு என்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டவர். இருபத்தைந்து நிமிஷப் பயணம். தூக்கம் வராமலிருக்கத் தன் கன்னத்தைத் தானே அறைந்துகொண்டு வழியெல்லாம் பேசுவார். மேஸ்திரியைப்போல நடித்துக் காட்டுவார். ஒரு மீனுக்கு எத்தனை முள் என்று என்னைக் கேட்டு, நான் தெரியாது என்றால், "என்ன காலேஜு படிக்கறே நீ" என்பார். நான் பட்டம் வாங்கியதே அந்த வேனில்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"உன்கிட்டப் பேசுவாரு" என்றாள் அம்மா. "என் பேரைச் சொல்லி அவரு கூப்பிட்டு நீ எப்போ கேட்டிருக்கே? யோசிச்சுப் பாத்துச் சொல்லு."

யோசித்தேன். அம்மாகிட்டச் சொல்லு, சட்டையில பட்டன் போயிருச்சு. அம்மாகிட்டக் கேளு, வாடகை குடுத்தாச்சான்னு. அம்மாகிட்டச் சொல்லு, சூப்புல உப்பு கம்மி. மூன்று பேரும் ஒரே மேஜையில் இருப்போம். அம்மா அப்பாவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பாள். நான் அம்மா பக்கம் திரும்பி, "உப்பு கம்மியாம்" என்பேன். சின்ன வயதில் அது எனக்கு விளையாட்டு. கொஞ்சம் வளர்ந்ததும் அது வீடு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்காக ஆங்கிலத்தை ஸ்பானிஷில் மாற்றிச் சொன்னார்கள். நான் ஸ்பானிஷை ஸ்பானிஷில் மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

"எப்போலேர்ந்து?"

"உனக்கு நாலு வயசு. எங்கம்மா செத்துப்போச்சுன்னு ஊருக்குப் போனேனே, அப்போ. போகாதேன்னாரு. பொதைக்கறதுக்குள்ள போயிரணும்னு நான் ஓடினேன்."

"அதுக்காகவா?"

"அதுக்கு முந்தின வருஷம்தான் அவரோட அம்மா செத்துப்போச்சு. அவரால போக முடியல. போனா திரும்பி வர முடியாது. இங்கயே நின்னு மீன் வெட்டினாரு அன்னிக்கு. என்கிட்ட பேப்பர் இருந்துச்சு, நான் போனேன், மண்ணு போட்டேன், வந்தேன். அதை அவரால தாங்க முடியல. வந்த அன்னிக்கு நிறுத்தினவருதான்."

"நீ யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. பாஸ்டர்கிட்ட, சித்திகிட்ட."

"என்னன்னு சொல்ல? புருஷன் அடிக்கறான்னா சொல்லலாம், நாலு பேர் வருவாங்க. பேசறதில்லேன்னு போய் நின்னா சிரிப்பாங்க. நீயே சிரிச்சே."

நான் ஜன்னலோரம் போய் நின்றேன்.

"நீ காலேஜுக்குப் போக ஆரம்பிச்சப்புறம் என் லீவு நாள் பகல்ல நாங்க ரெண்டே பேரு. அவரு தூங்குவாரு, எந்திரிப்பாரு, சாப்பிடுவாரு. ஸ்பூன் தட்டுல படற சத்தந்தான். நான் ஒருநாள் வேணும்னே ஒரு கோப்பையக் கீழ போட்டு ஒடைச்சேன். தொடப்பத்தை எடுத்துட்டு வந்து பெருக்கினாரு. வாயத் தொறக்கல." அம்மா அதை ஒரு தமாஷ்போலச் சொன்னாள். "இப்போ சமையக்கட்டுல ரேடியோ போட்டுக்கறேன். எவனோ ஒருத்தன் சாயந்தரம் மழை வரும், குடை எடுத்துக்கோங்கன்னு சொல்றான். என்கிட்டதான் சொல்றான்னு இருக்குது. நானும் குடை எடுத்துக்கறேன்."

ஜன்னலுக்கு வெளியே கடல்புறாக்கள் ஒரு குப்பைத் தொட்டிக்குச் சண்டை போட்டன. எனக்கு எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. நல்லவேளை என்று நினைத்தேன், அது இல்லாமல் எனக்கு நிற்கத் தெரியாது.

"அதுக்காக அவரை அனுப்பிருவியா?"

"நான் அனுப்பலடி. அவரு வரணும்னுதான் நானும் ஜெபம் பண்றேன். உனக்கு அப்பா வேணும். அவருக்கும் அந்த ஊர்ல யாரும் இல்ல, பாவம். ஆனா இந்தம்மா எதிர்ல உக்காந்து, என் மூஞ்சியப் பாத்து, தொமாசா உங்களுக்குத் துக்கம் இருக்கான்னு கேட்டாங்க. பேர் சொல்லிக் கேட்டாங்க. பதினேழு வருஷத்துல என் மூஞ்சியப் பாத்து ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல. பொய் சொல்ல வாய் வரல." கைப்பை வாரை அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "துக்கம் இல்லியேன்னுதான் எனக்கு பெனா."

எங்கள் பெனா. வெட்கம்.

"ஒரு மணி நேரம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "ஒரே ஒரு மணி நேரம் பொய் சொல்லு. எனக்காக."

"உனக்காகத்தான் இத்தனை வருஷமும்." கத்தவில்லை. உப்பு கம்மி என்பதுபோலச் சொன்னாள்.

கதவைத் தட்டிக்கொண்டு டாக்டர் வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு அம்மாவுக்கு எதிரே, அவள் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தார்.

"தொமாசா, ரெண்டு விஷயம் சொல்லிடறேன். உள்ளதைச் சொன்னீங்கன்னா உள்ளதை எழுதுவேன், இல்லாததை எழுத மாட்டேன். வாழ்க்கை ஒடைஞ்சிருக்கறது துக்கமா மட்டும்தான் வெளிய வரும்னு இல்ல, அதையும் எழுத எனக்குத் தெரியும். ஆனா நீங்க சொல்றது ஒவ்வொண்ணையும் அரசாங்க வக்கீல் படிப்பாரு. உங்க வீட்டுக்காரரும் படிப்பாரு. அதுக்கப்புறந்தான் நீதிபதி முடிவு பண்ணுவாரு. யோசிச்சுக்கோங்க. வேண்டாம்னா இப்பவே எழுந்து போயிரலாம்."

"நோ தெங்கா பெனா, டாக்டர்" என்றாள் அம்மா. இந்தத் தடவை தெங்கா. எனக்கே தெளிவாகக் கேட்டது.

பிறகு என்னைப் பார்த்தாள். "நீ வெளிய இரு."

"நான் கூட இருக்கேனே. நான் பேச மாட்டேன்."

"நீ வெளிய இரு, கண்ணு. இன்னிக்கு நானே சொல்லிக்கறேன்."

வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. தரையில் அந்த இயந்திரம் இரைந்தது. எவ்வளவு காதைத் தீட்டினாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அம்மா பொய் சொல்லலாம். சொன்னால் அப்பா வீட்டுக்கு வருவார், அவள் ரேடியோவை அணைத்துவிடுவாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அதை அப்பா படிப்பார், ஒருவேளை விமானத்தில் உட்கார்ந்துகொண்டு. நான் எதற்காக வேண்டிக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. அன்று காலையில் புரிந்திருந்தது.

மூன்று ஐம்பதுக்கு என் போன் துடித்தது. அப்பாவை அடைத்துவைத்திருக்கும் இடத்திலிருந்து வரும் அழைப்பு. முதலில் ஒரு பெண்ணின் பதிவுக் குரல். நடுவில் அப்பா தன் பெயரை மட்டும் சொல்லிப் பதிந்துவைத்த துண்டு, "அன்செல்மோ." ஏற்றுக்கொள்ள ஒன்றை அழுத்தவும். அழுத்தினேன்.

"என்ன, பட்டதாரி, சாப்டியா?"

"சாப்டேன்ப்பா."

"பொய். உன் குரலே பட்டினி கெடக்குது. இங்க மதியம் தட்டுல மஞ்சளா ஒண்ணு போட்டான். முட்டையா சீஸான்னு எங்களுக்குள்ள பந்தயம். கடைசில பாத்தா பூசணி. ஒருத்தனும் ஜெயிக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பேசினால் எனக்கு எப்போதும் வந்துவிடும். அதுதான் கொடுமை.

"எங்க இருக்கே? ஏதோ தண்ணி ஓடற சத்தம் கேக்குது."

"டாக்டர் ஆபீஸ்ல. அம்மா மறுபடி உள்ள பேசிட்டிருக்கா."

"நல்லது, நல்லது. வக்கீலம்மா சொன்னாங்க, முதல் தடவை சரியா வரலேன்னு." குரலைத் தாழ்த்தினார். பின்னால் ஆண்கள் பேசிக்கொள்வதும் ஒரு தொலைக்காட்சியும் கேட்டன. "இந்தா, அம்மாகிட்டச் சொல்லு. நல்லா அழச் சொல்லு. கூச்சப்படாம அழச் சொல்லு. இதெல்லாம் ஒரு தடவைதான்."

வாயைத் திறந்துவிட்டேன். சரிப்பா, சொல்றேன். அது தானாக வரும், இருமல்போல. இருபத்தொரு வயதுவரை அப்படித்தான் வந்திருக்கிறது.

"நான் சொல்ல மாட்டேன்ப்பா."

"என்னது?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல வெளிய வருவா. நான் போனைத் தர்றேன். நீங்களே சொல்லுங்க. தொமாசான்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

பதில் இல்லை.

"அப்பா?"

லைன் போகவில்லை. தொலைக்காட்சி ஓடுவது கேட்டது. யாரோ ஒருவர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். ஓர் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. அதற்கெல்லாம் இப்பால், வாய்க்கு அருகில், மூச்சு வந்து போவது கேட்டது.

"அப்பா, நான் உங்களைத் திட்டல. பதினேழு வருஷமான்னுதான் கேக்கறேன். நெஜமாவா?"

மூச்சு.

"கோவமா இருந்தா கத்துங்க. எனக்குப் பரவாயில்ல. ஏதாவது சொல்லுங்க."

அவர் கத்தவில்லை. போனை வைக்கவும் இல்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு, நாலு. மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று தெரியாமலே கேட்டேன். நான் செய்தது தப்புதான் என்றேன். சரி, நானே அம்மாகிட்டச் சொல்லிடறேன் என்றேன். மீனுக்கு எத்தனை முள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. என் வாழ்நாளில் அவர் என்னோடு இப்படி இருந்ததில்லை. ஒரு நாள் இல்லை, ஒரு வேளை இல்லை. இது ஒன்பது நிமிஷம்.

இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்று பதிவுக் குரல் சொன்னது.

கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள். முகம் கழுவியதுபோல இருந்தது. அழுதிருந்தாளா, என்ன சொல்லியிருந்தாள், ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"யாரு போன்ல?" என்றாள் அம்மா.

போனை நீட்டினேன். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. அந்த மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"உங்கப்பா" என்றாள்.